இருட்டும் வரிசையும் சேர்ந்தே வரும்: மின்வெட்டுக்கும் எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் கொழும்பு வீடு ஒன்றைத் தயார்செய்வது

கொழும்புக்குப் பனிக்காலம் கிடையாது. இங்கே மின்வெட்டுக்கென்று ஒரு பருவம் இருக்குமானால், அது பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கும்வரை காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். அதே மாதங்களில்தான் நகரத்தில் புழுக்கம் ஏறும், ஏசி ஓடும், மின்தேவை கூடும். நீர்மின் குறைந்த இடத்தை நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரியும், களனிதிஸ்ஸ, சப்புகஸ்கந்த, கெரவலப்பிட்டி எண்ணெய் நிலையங்களும் நிரப்பவேண்டும். எண்ணெய் கப்பலில் வரவேண்டும், கப்பலுக்கு டொலர் வேண்டும்.

இந்தச் சங்கிலியைப் புரிந்துகொண்டால், வீட்டு ஆயத்தத்தில் நடக்கும் பெரிய பிழை எது என்பதும் புரியும். மின்வெட்டு ஒரு பிரச்சினை, பெற்றோல் தட்டுப்பாடு இன்னொன்று, காஸ் தட்டுப்பாடு மூன்றாவது என்று தனித்தனியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமான் வாங்குகிறோம். 2022 மார்ச் 31 அன்று பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையும் அதே வாரங்களில்தான் நீண்டன. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களுக்கு அதற்கு ஊற்ற எண்ணெய் இல்லை. காஸ் முடிந்து மின்னடுப்புக்கு மாறியவர்களுக்குச் சமைக்கிற நேரத்தில் கரண்ட் இல்லை. ஆகவே ஒரு மாற்று ஏற்பாட்டை வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அதன் விலையோ வலுவோ பற்றியதாக இருக்கக்கூடாது. எந்தப் பொருள் தட்டுப்பட்டதால் மின் போகிறதோ, அதே பொருளை நம்பித்தான் இதுவும் ஓடுமா என்று கேட்கவேண்டும்.

இன்னொரு வகை இருட்டும் உண்டு. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் கரண்ட் போனது. நுரைச்சோலை இயந்திரங்கள் நின்றுவிட்டால் மறுபடி முழு வலுவுக்கு வர நாட்கள் எடுக்கும். அதனால் அடுத்த இரு நாட்களும் ஒன்றரை மணி நேரச் சுழற்சி வெட்டு வந்தது. இதற்கு அறிவிப்பு ஏதும் கிடைக்காது. அட்டவணை போட்டு வரும் நாலைந்து மணி நேர வெட்டை அடிப்படையாக வைத்து வீட்டைக் கணக்கிட்டால், இந்தத் திடீர் வகையையும் அது தாங்கும். பதின்மூன்று மணி நேரத்துக்கு முழுவசதியோடு தயாராவது பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டாது. அந்த நிலை வந்தால் எதை விட்டுக்கொடுப்பது என்பதை மட்டும் முன்கூட்டி முடிவு செய்துவைத்தால் போதும்.

முதலில் போவது தண்ணீர்

மின்வெட்டு என்றதும் மனம் விளக்குக்குப் போகிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளையின் மாடிக் குடியிருப்புகளில் உண்மையில் முதலில் தொல்லை தருவது தண்ணீர். நீர் வழங்கல் சபையின் குழாய் நீர் நிலத்தடித் தாங்கிக்கு வந்துவிடும். அங்கிருந்து மொட்டை மாடித் தாங்கிக்கு ஏற்றுவது பம்ப். பம்ப் நின்றால் மேல் தாங்கியில் இருப்பதுதான் கையிருப்பு.

24 வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு நாளைக்கு 500 லீற்றர் என்றால் மொத்தம் 12,000 லீற்றர். மேல் தாங்கி 10,000 லீற்றர் கொள்ளும் என்றால், நிரம்பிய நிலையிலிருந்து ஒரு நாள்கூட முழுதாக வராது. காலையில் வெட்டு வந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் நாளின் பாவனையில் பெரும்பங்கு காலை ஐந்தரைக்கும் எட்டுக்கும் இடையில் போகிறது. இங்கே செய்யவேண்டிய வேலை மிதவைச் சுவிட்சில் இருக்கிறது. பெரும்பாலான தாங்கிகளில் மட்டம் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பம்ப் தானாக ஓடும்படி மிதவை கட்டப்பட்டிருக்கும். அப்படியானால் வெட்டு தொடங்கும் நேரத்தில் தாங்கி பாதியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மிதவையின் கயிற்றைச் சற்று உயர்த்திக் கட்டி, முக்கால் மட்டத்திலேயே பம்ப் ஓடும்படி செய்தால் ஒரு சதமும் செலவில்லாமல் சில ஆயிரம் லீற்றர் கூடுதலாகக் கையில் நிற்கும். அட்டவணை தெரிந்த நாளில் வெட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் காவலாளி பம்பைக் கையால் போடுவது அடுத்த படி.

கட்டடத்துக்குப் பொது ஜெனரேட்டர் இருந்தால் அதைப் பற்றிக் குடியிருப்பாளர் சங்கம் ஒரு முறை உட்கார்ந்து பேசவேண்டும். 60 கேவிஏ டீசல் இயந்திரம் ஒன்று பெரிய சுமையில் மணிக்குப் பத்து லீற்றரை அண்மித்துக் குடிக்கும். வெறும் பம்பையும் படிக்கட்டு விளக்கையும் மட்டும் கொடுத்தாலும் மூன்று நான்கு லீற்றர் போகும், ஏனென்றால் அந்த இயந்திரம் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவே அவ்வளவு வேண்டும். அதோடு, முப்பது வீதத்துக்கும் குறைந்த சுமையில் நீண்ட நேரம் ஓடும் டீசல் இயந்திரத்தில் எண்ணெய் முழுதாக எரியாது. கரியும் பிசினும் புகைக்குழாயில் படியும், பிறகு தேவைப்படும் நாளில் வலு வராது. பத்து மாடி உயரத்துக்கு, அதாவது சுமார் முப்பது மீற்றருக்கு ஏற்றும் 2 குதிரைவலு பம்ப் மணிக்கு ஐந்தாறாயிரம் லீற்றர் தரும். இரண்டு மணி நேர ஓட்டம் அன்றைய தேவைக்குப் போதும். எனவே பெரிய இயந்திரத்தை நாள் முழுக்கச் சோம்பலாக ஓடவிடுவதைவிட, பம்ப், லிப்ட், பொது விளக்கு மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று ஓட்டுவது டீசலையும் மிச்சப்படுத்தும், இயந்திரத்தையும் காக்கும். வயதானவர்கள் லிப்டில் ஏறி இறங்கவும் நேரம் தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் எவ்வளவு வைக்கவேண்டும்? குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 லீற்றர். கைகால் கழுவ, பாத்திரம் தேய்க்க, கழிவறைக்கு என்று எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக 20 லீற்றர். நால்வர் வீட்டுக்கு இரண்டு நாளைக்கு 160 லீற்றர். மூடியுள்ள 60 லீற்றர் பிளாஸ்டிக் பீப்பா மூன்று போதும், பல்கனிக் கதவுக்குப் பின்னால் நின்றுவிடும். கழிவறைத் தாங்கி ஒரு தடவைக்கு ஆறு முதல் ஒன்பது லீற்றர் விழுங்கும். வாளியால் வேகமாக ஊற்றினால் நாலு லீற்றரில் வேலை முடியும். சட்டி கழுவிய நீரும் உடுப்பு அலசிய நீரும் அங்கே போகவேண்டியவை.

சேமித்த தண்ணீர் கொழும்பில் டெங்குத் தண்ணீராக மாற ஒரு வாரம் போதும். டெங்கு நுளம்பு முட்டையை நீரில் போடாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுத் திரும்ப நிரப்பினால் அந்த முட்டைகள் நனைந்து பொரிக்கும். அதனால் வாரத்துக்கு ஒரு முறை பீப்பாவின் உட்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டே நிரப்பவேண்டும். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் மெல்லிய துணி போட்டு றப்பர் பட்டியால் கட்டவேண்டும்.

வாட்மணிக் கணக்கு

இன்வெர்ட்டர் (பற்றரி மின்னை வீட்டு மின்னாக மாற்றும் பெட்டி) வாங்க முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகுமுன் வீட்டில் ஒரு தாளில் செய்யவேண்டிய கணக்கு இது. ஒவ்வொரு சாமானுக்கும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பெருக்கிக் கூட்டினால் வருவது வாட்மணி. மூன்று எல்.ஈ.டி. பல்புகள், ஒவ்வொன்றும் 9 வாட், ஆக 27. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 15. இரண்டு போன் சார்ஜர் 20. இரண்டு மின்விசிறி. இந்த விசிறியில்தான் முழுக் கணக்கும் தங்கியிருக்கிறது. பழைய சீலிங் விசிறி 75 வாட் இழுக்கும், இரண்டும் 150. பி.எல்.டி.சி. மோட்டர் கொண்ட விசிறி அதே காற்றை 30 வாட்டில் தரும், இரண்டும் 60.

பி.எல்.டி.சி. விசிறியோடு மொத்தம் 122 வாட். நாலரை மணி நேரத்துக்கு 549 வாட்மணி. பழைய விசிறியோடு 212 வாட், அதாவது 954 வாட்மணி. இப்போது பற்றரிப் பக்கம் பார்ப்போம். 12 வோல்ட், 100 அம்பியர் மணி ஈய பற்றரியில் எழுத்தில் 1,200 வாட்மணி இருக்கிறது. அதில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் சட்டென்று குறையும், ஆகவே 600. இன்வெர்ட்டர் மாற்றும்போது பதினைந்து வீதம் வெப்பமாகப் போகும், மிச்சம் 510. பி.எல்.டி.சி. விசிறி வீட்டுக்கே அது சற்றுப் பற்றாது. 150 அம்பியர் மணி டியூபியூலர் பற்றரி 765 வாட்மணி தரும், அந்த வீட்டுக்குத் தாராளம். பழைய விசிறி வீட்டுக்கு 200 அம்பியர் மணி வேண்டும். இரண்டு விசிறியை மாற்றுவது ஏறத்தாழ ஒரு 80 அம்பியர் மணி பற்றரி வாங்குவதற்குச் சமம். அந்த விசிறி கரண்ட் இருக்கிற நாளிலும் பில்லைக் குறைக்கும். எங்கே முதல் ரூபாயைப் போடுவது என்று கேட்டால் தயங்காமல் விசிறி என்றே சொல்வோம். ஏப்ரல் இரவில் கொழும்பின் ஈரப்பதத்தில் கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் விசிறி ஓர் உடல்நலச் சாதனம், அதைச் சொகுசு என்று தள்ளிவைக்க முடியாது.

ஈய பற்றரி வாங்கும்போது மோட்டர் வாகன பற்றரியை எடுத்துவிடாதீர்கள். அதன் தகடுகள் மெல்லியவை. எஞ்சினை உதைத்துக் கிளப்ப ஒரு சில நொடிக்குப் பெரிய மின்னோட்டம் கொடுக்கவே அது செய்யப்பட்டது. தினமும் பாதிவரை இறக்கினால் சில மாதத்தில் படுத்துவிடும். தடித்த தகட்டுடைய டியூபியூலர் வகைதான் இந்த வேலைக்கு. அதற்கு மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து மட்டம் பார்த்து வடிநீர் ஊற்றவேண்டும், குழாய் நீர் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளிவரும், எனவே மூடிய அலுமாரிக்குள்ளோ சாமி அறை விளக்குக்குப் பக்கத்திலோ வைக்கக்கூடாது.

2022 போன்ற நீண்ட வெட்டில் ஈய பற்றரிக்கு வேறொரு சிக்கல் வரும். பாதி இறங்கிய 150 அம்பியர் மணி பற்றரி, வழக்கமான 10 முதல் 15 அம்பியர் சார்ஜரில் முழுதாக ஏற ஒன்பது பத்து மணி நேரம் எடுக்கும். கடைசி இருபது வீதம் மிக மெதுவாகத்தான் ஏறும். நாளில் பதினொரு மணி நேரமே, அதுவும் துண்டு துண்டாகக் கரண்ட் வந்தால் பற்றரி ஒரு நாளும் நிரம்பாது. நிரம்பாத ஈய பற்றரியின் தகட்டில் சல்பேட் படிகம் இறுகும், கொள்ளளவு வாரத்துக்கு வாரம் சுருங்கும். லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகைக்கு இந்த நோய் இல்லை. 12.8 வோல்ட், 100 அம்பியர் மணி லித்தியத்தில் இழப்பெல்லாம் போக ஏறத்தாழ 1,000 வாட்மணி கிடைக்கும், பாதி ஏறினாலும் கெடாது, சார்ஜும் வேகமாக ஏற்கும். விலை கூட. பழைய இன்வெர்ட்டரில் லித்தியத்தை மாட்டுமுன் அதன் சார்ஜருக்கு லித்தியம் அமைப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஈய பற்றரிக்காக அவ்வப்போது 15 வோல்ட்டுக்குமேல் ஏற்றும் சார்ஜர் என்றால், பற்றரியின் பாதுகாப்புச் சுற்று தன்னைத்தானே துண்டித்துக்கொண்டு, சாமான் பழுது என்று கடைக்கும் வீட்டுக்கும் அலையவைக்கும்.

இன்வெர்ட்டர் தூய சைன் அலை தருவதாக இருக்கட்டும். மலிவான சதுர அலையில் விசிறி இரையும், மோட்டர் சுடும். வயரிங்கில் அடிக்கடி நடக்கும் பிழையையும் சொல்லவேண்டும். விளக்கு, விசிறிச் சுற்றை மட்டும் பிரித்து இன்வெர்ட்டரில் கொடுக்கும்போது உயிர்க்கம்பியைப் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பொதுவாகவே விட்டுவிடுவார்கள். பிறகு கரண்ட் இருக்கும் நேரத்தில் ட்ரிப் சுவிச் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். காரணம் இருக்கிறது: போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாக இல்லையென்றால் கசிவு என்று நினைத்து அது விழும். பிரித்த சுற்றின் நியூட்ரலையும் தனியே பிரித்தால் நின்றுவிடும். ட்ரிப் சுவிச்சையே கழற்றிவிட்டுப் போகிற எலக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள். 800 வாட் இன்வெர்ட்டர் முழுச்சுமையில் 12 வோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 78 அம்பியர் இழுக்கும். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 100 அம்பியர் பியூஸ், 25 சதுர மில்லிமீற்றர் கேபிள், நீளம் ஒரு மீற்றருக்குள். இதில் கஞ்சத்தனம் செய்தால் கேபிளின் உறை உருகும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது நீர் ஏறிய கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்ற இடங்களில் பற்றரியையும் இன்வெர்ட்டரையும் அந்த நீர்க்கோட்டுக்கு மேலே சுவர்த் தட்டில் ஏற்றவேண்டும்.

இவ்வளவு செலவு முடியாத வீட்டுக்கு ரவுட்டருக்கான சிறு மினி யூ.பி.எஸ். போதும். அட்டையில் 10,400 மில்லி அம்பியர் மணி என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது 3.7 வோல்ட்டில் சொல்லும் கணக்கு, வாட்மணியில் 38தான். சேர்ந்து 15 வாட் இழுக்கும் இரண்டு பெட்டிகளுக்கு இரண்டு மணி நேரம் வரும். மாட்டுமுன் ரவுட்டர் அடப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று படியுங்கள், மாறினால் ரவுட்டர் எரியக்கூடும்.

கூரைச் சூரியத் தகடு இருக்கிறது, எனக்கு வெட்டே இல்லை என்று நம்பியிருப்பவர்களுக்கு ஒரு தகவல். மின்சார சபைக்கு மின் விற்கும் சாதாரண அமைப்பு, வலையமைப்பில் கரண்ட் போன கணமே தானும் நின்றுவிடும். தெருவில் கம்பி திருத்துகிறவர் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். வெட்டிலும் ஓடவேண்டுமானால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பற்றரியும் சேர்க்கவேண்டும். அதே சமயம், கப்பலையும் டொலரையும் நம்பாத மாற்று ஏற்பாடு வீட்டளவில் இது ஒன்றே. கூரை சொந்தமாக உள்ளவர்கள் ஜெனரேட்டருக்குப் போடும் காசை இதில் போடலாம்.

சிறு பெற்றோல் ஜெனரேட்டர் மணிக்கு ஒரு லீற்றரை அண்மித்து எடுக்கும். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் 5 லீற்றர். 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தபோது ஒரு காருக்கு வாரப் பங்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அதாவது காரின் முழுவாரப் பங்கும் ஜெனரேட்டருக்கு நான்கு நாள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை பத்து நிமிடம் சுமை கொடுத்து ஓட்டி, நிறுத்தும்போது எண்ணெய்த் திருகை மூடிக் கார்பரேட்டர் காயும்வரை ஓடவிடுங்கள். பழைய பெற்றோல் அங்கே பிசினாகி அடைத்துக்கொள்வதால்தான் தேவைப்படும் நாளில் இழுத்து இழுத்துக் கை வலிக்கும். ஜன்னலிலிருந்து ஆறு மீற்றருக்காவது அப்பால் திறந்தவெளியில்தான் ஓடவேண்டும். பல்கனி திறந்தவெளி ஆகாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, உறங்குகிறவர் எழும்பமாட்டார். இருபுறமும் ஆண் பிளக் வைத்த வயரால் சுவர்ச் சொக்கெட்டுக்குள் ஜெனரேட்டர் மின்னைக் கொடுக்கும் பழக்கம் கொலைக்குச் சமம்: கழன்ற பிளக்கின் பித்தளைக் கால்களில் 230 வோல்ட் நிற்கும், தெருக் கம்பியிலும் ஏறும். தெரு மின்னும் ஜெனரேட்டர் மின்னும் ஒன்றுசேராமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிச் ஒன்று பொருத்தாமல் இணைக்கவே கூடாது.

குசினி

12.5 கிலோ சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தட்டிப்பார்த்தோ தூக்கிப்பார்த்தோ சொல்ல முடியாது. சிலிண்டரின் கழுத்துத் தகட்டில் வெற்று எடை அச்சிட்டிருக்கும். குளியலறைத் தராசில் முதலில் நீங்கள் ஏறி எடை பாருங்கள், பிறகு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் 19.4 கிலோ, தகட்டில் 13.9 என்றால் உள்ளே இருப்பது 5.5 கிலோ. ஒரு நடுத்தர பர்னர் மணிக்கு 170 கிராம் அளவில் எரிக்கும். இரண்டு அடுப்பும் சேர்த்து நாளுக்கு இரண்டரை மணி நேரம் எரிந்தால் 0.42 கிலோ. அந்த 5.5 கிலோ பதின்மூன்று நாள் வரும். மாட்டிய தேதியை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டினால் உங்கள் வீட்டின் சொந்தக் கணக்கு இரண்டு சிலிண்டரில் பிடிபட்டுவிடும். இரண்டாவது சிலிண்டர் வைக்க வசதியிருந்தால், ஒன்று வெறுமையான அன்றே மாற்ற அனுப்புங்கள். இரண்டு சிலிண்டரும் வெறுமையாக மூலையில் நிற்கும்போதுதான் தட்டுப்பாடு வரும்.

எல்.பி. காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். சிலிண்டர் நிமிர்ந்து, காற்றோட்டமான இடத்தில் நிற்கவேண்டும். மாற்றும் ஒவ்வொரு தடவையும் ரெகுலேட்டர் வாயிலும் குழாயின் இரு முனையிலும் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா பாருங்கள். 2021 கடைசியில் நாடெங்கும் நடந்த காஸ் வெடிப்புகளுக்குப் பிறகும் இந்த அரை நிமிட வேலையைச் செய்யாத வீடுகள் உண்டு.

காஸைச் சேமிக்கும் பெரிய வழி ஊறவைப்பது. கொண்டைக்கடலையை முதல் நாள் இரவு எட்டு மணி நேரம் ஊறவைத்துப் பிரஷர் குக்கரில் போட்டால் இருபது நிமிடம், ஊறாமல் சட்டியில் வேகவைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். சிவப்பரிசியும் ஒரு மணி நேரம் ஊறட்டும். அரிசியைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியை இறுக்கி, சட்டியைப் பழைய கம்பளித்துணியோ தடித்த துவாயோ மூன்று சுற்றுச் சுற்றி ரெஜிபோம் (தெர்மக்கோல்) பெட்டிக்குள் வைத்தால் நாற்பது நிமிடத்தில் தானே வெந்திருக்கும். நீரைச் சற்றுக் குறைத்து அளக்கவேண்டும், ஏனென்றால் ஆவியாகி வெளியேற வழியில்லை. இடியப்பம், பிட்டு அவிக்கும்போது தட்டுகளை அடுக்கி ஒரே ஆவியில் முடிப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலைத் தேநீருக்கும் பால்மாவுக்கும் சேர்த்து ஒரே தடவை கொதிக்கவைத்துப் பிளாஸ்கில் ஊற்றுவதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

கரண்ட் இருக்கும் நேரத்தில் ரைஸ் குக்கர், இல்லாத நேரத்தில் காஸ் என்று பிரித்தால் ஒரு சிலிண்டர் ஏழெட்டு நாள் கூடுதலாக ஓடும். மண்ணெண்ணெய் அடுப்பை மூன்றாவது துணையாக வைக்கலாம் என்றாலும் அதை முழுதாக நம்ப முடியாது. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மசகு எண்ணெய் இல்லாமல் மூடப்பட்டபோது மண்ணெண்ணெயும் சேர்ந்தே காணாமற்போனது. கரி அடுப்பை மாடி வீட்டுக்குள் மூட்டவே கூடாது.

பிரிட்ஜின் மேலுள்ள உறைபெட்டியை வெறுமையாக விடாதீர்கள். ஒன்றரை லீற்றர் போத்தல் பத்தில், மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு நீர் நிரப்பி உறையவையுங்கள். பதினைந்து கிலோ ஐஸ் உருக ஏறத்தாழ 1.4 கிலோவாட்மணி வெப்பத்தை உறிஞ்சும். ஒரு 100 அம்பியர் மணி ஈய பற்றரியைக் கொண்டு பிரிட்ஜை ஓட்டிக் கிடைக்கும் குளிரைவிட இது கூட, விலை எதுவும் இல்லை. வெட்டு வந்ததும் இரண்டு போத்தலைக் கீழ்த் தட்டுக்கு இறக்குங்கள். கதவைத் திறக்காவிட்டால் கீழ்ப்பகுதி நாலு மணி நேரம் தாங்கும், நிரம்பிய உறைபெட்டி அதைவிடப் பல மடங்கு. இன்சுலின் வைத்திருப்போர் அதை ஐஸ் போத்தலோடு ஒட்டிவைக்கக்கூடாது, உறைந்த இன்சுலினைப் பயன்படுத்த முடியாது. பாவனையில் உள்ள குப்பி அறைவெப்பத்தில் எத்தனை நாள் இருக்கலாம் என்று மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதிவையுங்கள்.

கரண்ட் போனதும் பிரிட்ஜ், டீவி, ஏசி பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒரு விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள். திரும்ப வரும் முதல் நிமிடங்களில் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். கம்ப்ரசருக்கு ஐந்து நிமிட இடைவெளியும் வேண்டும். பிரிட்ஜ் கார்ட் என்று விற்கும் சிறு பெட்டி அதைத் தானே செய்யும்.

வாகனத்துக்கு ஒரே ஒரு பழக்கம்: முள் பாதிக்கு வந்தால் நிரப்புவது. பெற்றோலைக் கானில் வாங்கி மாடி வீட்டில் வைக்காதீர்கள், அதன் ஆவி தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப்போகும். தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் சில மணி நேரத்துக்குத்தான், ஆகவே நீண்ட வெட்டில் சிக்னல் மங்கும். பென்டோர்ச் பற்றரியில் ஓடும் வானொலி ஒன்றும், ஏ.டி.எம். நின்றாலும் மூன்று நாள் ஓடச் சில்லறை நோட்டுகளும் அலுமாரியில் இருக்கட்டும். கரண்ட் முறைப்பாட்டுக்கு மின்சார சபைப் பகுதியில் 1987, லெக்கோ (லங்கா மின்சாரக் கம்பனி) பகுதியில் 1910. உங்கள் பில்லில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்து, கணக்கிலக்கத்தோடு சேர்த்து மீற்றர் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

இவை எல்லாம் செய்த பிறகு, ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மெயின் சுவிச்சை இறக்கி இரவு பத்தரைவரை அப்படியே இருந்து பாருங்கள். மின்தேவை உச்சத்தில் இருக்கும் ஆறரை முதல் பத்தரை வரையிலான நேரம் அதற்குள் வந்துவிடும். ரவுட்டர் அடப்டர் இன்வெர்ட்டரில் இல்லாத சொக்கெட்டில் இருப்பது அப்போது தெரியும். அடுப்பின் பொத்தான் தீப்பொறி வேலைசெய்யாமல் நெருப்புப்பெட்டி எங்கே என்று தேடுவீர்கள். டோர்ச் பற்றரி கசிந்து பச்சை பூத்திருக்கும். எட்டு மணிக்கே இன்வெர்ட்டர் கூவினால், யாரோ அந்தச் சுற்றில் இஸ்திரிப்பெட்டியோ கேத்திலோ மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சொக்கெட்டின்மேல் சிவப்பு டேப் ஒட்டுங்கள்.